கொழுந்து லொறியின் இரண்டு பெட்டரிகள்

காலையில் எழுந்ததும் வேனின் பெட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்க்காமல் நான் முகம் கழுவுவதில்லை. மீட்டரின் சிவப்புக் கம்பியைக் கூட்டல் முனையிலும் கறுப்புக் கம்பியைக் கழித்தல் முனையிலும் வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பன்னிரண்டு புள்ளி ஆறு என்றால் வயிறு நிறைந்திருக்கிறது. பன்னிரண்டு புள்ளி இரண்டு என்றால் பாதி. பதினொன்று புள்ளி எட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை நம்பி மலை இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பதினான்கைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் டைனமோ ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெருக்கல் வாய்ப்பாடு பாதிக்குமேல் மறந்துவிட்டது. இந்த எண்கள் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

"பெத்த புள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சாக்கூட இந்த மனுசன் இப்புடி பாக்க மாட்டாரு" என்பாள் என் மனைவி. தேயிலைக் கொழுந்தெடுக்கப் புறப்படும் அவசரத்தில், மழைக்கும் முள்ளுக்கும் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டே சொல்வாள். தோட்டத்து வரிசை வீட்டில் எங்களுக்கு அடுத்த அறையில் இருக்கும் பக்கத்துக் காம்பராக்காரி அதற்கு ஒத்து ஊதுவாள். "விடு அக்கா, அண்ணனுக்கு ரெண்டு பொண்டாட்டி. மூத்தவ வெளியில நிக்கிறா." அந்த லயத்து வாசலே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் மீட்டரை எடுத்து உள்ளே வைக்க மாட்டேன்.

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். வானம் கறுத்தால் மண் சரியும் என்று பயம். வெளுத்தால் கிணறு வற்றும் என்று பயம். லுணுகலை டவுனுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வரும் வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகு, அந்தப் பயமெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துகொண்டது. பெட்டரி. பிரேக் போகப்போகிறது என்றால் சத்தம் கேட்கும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பெட்டரி அப்படியல்ல. நேற்று மாலை நன்றாக ஓடிய வண்டி இன்று காலை "டக்" என்று ஒரு சத்தத்தோடு செத்துக் கிடக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வதற்கு அந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை.

வேன் வாங்குவதற்கு முன்னால் பண்டாரவளையில் பெட்டரி சார்ஜ் போடும் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே ஒருநாள் ஒரு வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மரக்கறி ஏற்றும் வேன். பெட்டரி இறங்கிப்போனதும், பக்கத்தில் நின்ற பெரிய லொறியிலிருந்து நேராக வயர் போட்டு ஸ்டார்ட் எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். முன் மூடியைத் திறந்ததும் எரிந்த பிளாஸ்டிக் வாசம் முகத்தில் அடித்தது. கடை முதலாளி குனிந்து ஒரு தரம் மோந்து பார்த்தார். "பெட்டரி செத்தா புதுப் பெட்டரி போடலாம் வாப்பா. மூளை செத்தா என்னத்தைப் போடுறது?" என்று மூடியைச் சாத்திவிட்டார். அந்த வேன் கடைக்கு முன்னால் வெகுநாள் நின்றது. கொண்டுவந்தவர் கொஞ்சநாள் வந்து பார்த்தார். பிறகு வரவில்லை.

பெரிய லொறிகள் இருபத்துநாலு வோல்ட்டில் ஓடுபவை. பன்னிரண்டு வோல்ட் பெட்டரி இரண்டை ஒரு துண்டு வயரால் வரிசையாகப் பிணைத்து வைத்திருப்பார்கள். அந்த இரண்டின் இரு கோடியிலும் வயரைப் பிடித்தால் இருபத்துநாலு வரும். ஏதாவது ஒரு பெட்டரியின் இரண்டு முனைகளில் மட்டும் பிடித்தால் பன்னிரண்டு. என் வேனைப் போன்ற சின்ன வண்டிக்குப் பன்னிரண்டுதான் சாப்பாடு. இருபத்துநாலைக் கொடுத்தால், கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே இருக்கும், முதலாளி மூளை என்று சொன்ன எலக்ட்ரிக் சாமானெல்லாம் கருகிப்போகும். இதை நான் இவ்வளவு விளக்கமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு இதை விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வருசம் மழை விடாமல் பெய்தது. எங்கள் தோட்டத்திலிருந்து லுணுகலை ரோட்டுக்கு இறங்கும் வழியில் ஒரு வளைவு அப்படியே சரிந்து கீழே போய்விட்டது. கரண்டு கம்பமும் அதோடு போனது. போன் டவருக்கும் கரண்டு இல்லாததால், மேல்மலை உச்சிக்கு ஏறினால்தான் போனில் ஒரு கோடு சிக்னல் தெரியும். ஆம்பிளைகள் எல்லாரும் மண்வெட்டியோடு இறங்கி, சரிந்த வளைவில் மலைப்பக்கமாக வெட்டி ஒரு வழி எடுத்தார்கள். ஒரு ஆட்டோ, இல்லையென்றால் என் வேன் மாதிரி சின்ன வண்டி, உரசிக்கொண்டு போகலாம். கொழுந்து லொறி போக முடியாது. அது சரிவுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, மலைக்கும் எங்கள் தோட்டத்து ஃபெக்டரிக்கும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவன் எவனும் அதைச் சமதரையில் நிறுத்த மாட்டான். மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படிதான் நிறுத்துவான். பெட்டரி காலை வாரினால், பிரேக்கை விட்டு உருட்டி, கியரைப் போட்டு கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். லயத்துக்குப் பக்கத்தில் எனக்கென்று அப்படி ஒரு இறக்கம் இருந்தது. அங்கேயும் மண் வெடிப்பு கண்டிருந்ததால், வேனைப் பெரட்டுக் களத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம் அது. நாலாபக்கமும் மேடு, நடுவில் பள்ளமான சமதரை. வண்டிக்கு ஆபத்தில்லை. ஆனால் உருட்ட வழியுமில்லை.

கரண்டு இல்லாத லயத்தில் வெளிச்சம் என்றால் போன் டோர்ச்தான். போனுக்குச் சார்ஜ் போட இருந்த ஒரே இடம் என் வேன். முதலில் பக்கத்துக் காம்பராக்காரி வந்தாள். அவள் மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். "அண்ணே, உச்சிக்கு ஏறி அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்ண்ணே, நாம மண்ணுக்குள்ள போகலன்னு." எப்படி மாட்டேன் என்பது? பிறகு மேல்லயம், கீழ்லயம், கோயில் பூசாரி வீடு என்று எல்லாப் போனும் வந்துவிட்டது. டேஷ்போர்டில் வயர்கள் பாம்புக் குட்டிகள் மாதிரிக் கிடந்தன. நான் மீட்டரைப் பிடித்துப் பார்ப்பேன். பன்னிரண்டு நாலு. பன்னிரண்டு இரண்டு. எஞ்சினை ஓடவிட்டால் சார்ஜ் ஏறும். ஆனால் டேங்கில் இருந்த பெற்றோல் ஆத்திர அவசரத்துக்கு லுணுகலை போய்வரத்தான் காணும். பெற்றோலைச் செலவழித்துப் பெட்டரியைக் காப்பதா, பெட்டரியைக் கொடுத்துப் பெற்றோலைக் காப்பதா என்று ஓயாமல் யோசித்தேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவேன். உடனே டேங்கின் முள்ளைப் பார்ப்பேன்.

அன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தபோது வேனின் பக்கக் கதவு ஒரு விரலளவு திறந்திருந்தது. முதல்நாள் மாலை போனை எடுத்துப்போன யாரோ சரியாக இழுத்துச் சாத்தவில்லை. கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரியும். ராத்திரி முழுக்க எரிந்து எரிந்து, இப்போது நெருப்புக்குச்சியின் நுனி மாதிரி சிவந்து கிடந்தது. மீட்டரில் ஒன்பதுக்கும் கீழே. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பகலில் கொழுந்து லொறி களத்துக்கு வரும்போது டிரைவரிடம் கேட்டு, பதமாகச் சார்ஜ் எடுத்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மனைவி கொழுந்துக்குப் போய்விட்டிருந்தாள். அன்று மழை கொஞ்சம் விட்டு வெறித்திருந்ததால் எல்லாருக்கும் மலையில் வேலை கொடுத்திருந்தார்கள்.

பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் கேட்டது. கேட்டதும் தெரிந்துவிட்டது. குளவி கலைந்தால் பெண்கள் போடும் சத்தம் வேறு மாதிரி. ஒரே குரலாக இருக்காது. மலையில் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வெவ்வேறாக வரும், ஓடிக்கொண்டே வரும். உயரமான டர்பன் மரத்தில் இருந்த கூட்டைப் பருந்து கலைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். நிறையப் பேருக்குக் கொட்டியிருந்தது. எல்லாரும் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடித் தப்பிவிட்டார்கள். என் மனைவி சறுக்கி விழுந்து, வாய்க்காலுக்குள் கால் மாட்டி, எழ முடியாமல் கிடந்திருக்கிறாள்.

கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கி வந்தார்கள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிப் போயிருந்தன. உதடு தடித்து ஒருபக்கம் இழுத்திருந்தது. தலைமுடிக்குள் இன்னும் இரண்டு குளவி உயிரோடு இருந்தன. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி ஒன்று போட்டார்கள். மருந்துக்காரர் அவள் நெஞ்சில் காதை வைத்தமாதிரிக் குனிந்து கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மூச்சுக் குழல் வீங்குது. நம்மகிட்ட இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ஒடனே."

தோட்டத்தில் இருந்த இரண்டு ஆட்டோவும் டவுனுக்குப் போயிருந்தன. லொறியால் சரிவைத் தாண்ட முடியாது. என் வேன்தான்.

அவளைப் பின் சீட்டில் கிடத்தினார்கள். பக்கத்துக் காம்பராக்காரி ஏறி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் கையில் கொட்டியிருந்தது. அதை அவள் கண்டுகொள்ளவே இல்லை. நான் சாவியைத் திருப்பினேன். டக். அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் திருப்பினேன்.

"தள்ளுங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். எங்கள் ஆட்களுக்குத் தள்ளுவதற்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தவன் வந்தவன் எல்லாம் பின்னால் கையைக் கொடுத்தான். களம் முழுக்கச் சேறு. வேன் அசைந்து வேகம் பிடித்ததும் கிளச்சை விட்டேன். சில்லு உருளவில்லை, பூட்டிக்கொண்டு, சேற்றில் கோடு இழுத்தபடி வழுக்கியது. இன்னொரு தரம். மறுபடியும் வழுக்கல்தான். தள்ளிய இருவர் முகம் குப்புற விழுந்தார்கள். பின் சீட்டிலிருந்து வந்த மூச்சுச் சத்தம், காய்ந்த ஓலையைக் கல்லில் தேய்ப்பது மாதிரி இருந்தது.

அப்போதுதான் கொழுந்து லொறி மேட்டிலிருந்து இறங்கியது. டிரைவர் என் வயசுக்காரன். என்னை மச்சான் என்பான். விசயம் தெரிந்ததும் லொறியை வேன் மூக்கோடு கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்தான். "ஜம்பர் வயர் இருக்கில்ல மச்சான்? எடு. நம்ம லொறி பவரு கூடினவ. தொட்டதும் எந்திரிச்சிரும் ஒன் வண்டி."

வயரை எடுத்தது நான்தான். அதற்குள் அவன் லொறியின் பக்கத்தில் இருந்த பெட்டரிப் பெட்டியின் மூடியை உடைத்தமாதிரித் திறந்துவிட்டான். என் கையிலிருந்து வயரைப் பிடுங்கி இரண்டு பேர் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் வேன் பெட்டரியில் கிளிப்பை மாட்டினான். லொறி டிரைவர் அந்தக் கோடி முனையில் ஒன்றை மாட்டிவிட்டு, இந்தக் கோடி முனையில் மற்றதை வைக்கக் குனிந்தான். இரண்டு கோடி. இருபத்துநாலு. எனக்கு அந்த மரக்கறி வேனின் வாசம் மூக்குக்குள் வந்துவிட்டது.

"எடு! எடுடா! வேன் செத்துரும்!" என்று கத்தினேன். கத்தியதோடு நிற்காமல், பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டேன். கிளிப் சேற்றில் விழுந்தது.

லொறி டிரைவர் கையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தான். "என்னா மச்சான்? கிறுக்குப் புடிச்சிருச்சா?"

ஓடிப்போய் வேனிலிருந்து மீட்டரை எடுத்து வந்தேன்.

அந்தப் பெட்டியில் எது எந்தப் பெட்டரியின் முனை என்று பார்த்துச் சொல்ல முடியாது. துருவும் கிரீசும் மண்ணும் ஒன்றாய்ப் படிந்திருந்தன. இரண்டையும் இணைக்கும் துண்டு வயர் ஒரு பலகைக்கு அடியில் ஓடியது. சாவியின் நுனியால் ஒவ்வொரு முனையாகச் சுரண்டினேன். மீட்டர்க் கம்பி கிரீசில் முனையைவிட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது. முதலில் வைத்த இடத்தில் இருபத்தைந்து காட்டியது. அது நான் பயந்த எண். மாற்றி வைத்தேன், ஒன்றும் வரவில்லை, துரு. மறுபடி சுரண்டினேன்.

பின்னால் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"என்னய்யா இவன்? பொஞ்சாதி சாகக் கெடக்கிறா, மீட்டர் பாத்துக்கிட்டு நிக்கிறான்!"

"அவனுக்கு வண்டிதான்யா பெருசு. காலையில எந்திரிச்சா அதுக்குத்தானே பூசை."

"அண்ணே!" பக்கத்துக் காம்பராக்காரி வேனுக்குள்ளிருந்து அலறினாள். "அண்ணே, கை குளுந்து போகுதுண்ணே! எதையாச்சும் பண்ணித் தொலைங்கண்ணே! வேன் போனாப் போகட்டும்ண்ணே!"

வேன் போனால் எதில் போவது என்று திரும்பிக் கேட்டிருக்கலாம். இருபத்துநாலு, பன்னிரண்டு என்று இரண்டு சொல்லில் முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. பயம் முற்றினால் சிலருக்கு வாய் திறக்கும். எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும். கண்ணுக்கு அந்த எண் ஒன்றுதான் தெரிந்தது. பன்னிரண்டு புள்ளி ஐந்து. அசையவில்லை. லொறியின் உடம்பையொட்டி இருந்த பெட்டரி. அதன் இரண்டு முனையிலும் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டே, லொறி டிரைவரிடம் "இங்க. இது ரெண்டுல மட்டும்" என்றேன். அவன் எதுவும் கேட்காமல் மாட்டினான். இந்தமுறை முறைக்கவும் இல்லை.

மாட்டியதும் சாவியைத் திருப்ப ஆளாளுக்குக் கத்தினார்கள். அதையும் நான் செய்யவில்லை. என் ஜம்பர் வயர் மெல்லியது. உடனே திருப்பினால் வயர்தான் சுடும், எஞ்சின் சுற்றாது. வேன் பெட்டரி கொஞ்சம் குடிக்கட்டும் என்று ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். யாரோ கதவில் ஓங்கி அடித்தார்கள். "கல்லு மாதிரி குந்திக்கிட்டு இருக்கான் பாரு!" பின் சீட்டில் மூச்சு வந்தது, நின்றது, வந்தது. அது நின்ற இடைவெளிகளை நான் எண்ணவில்லை. எண்ண எனக்குத் தைரியம் இல்லை.

திருப்பினேன். ஸ்டார்ட்டர் முக்கி முக்கிச் சுற்றியது, நிற்கப்போய், பிடித்துக்கொண்டது.

போன வழி எனக்கு முழுதாக நினைவில்லை. பெட்டரியை மிச்சம் பிடிக்க ஹெட்லைட் போடவில்லை. வைப்பரைக்கூட முடியாத இடத்தில்தான் தட்டினேன். எஞ்சின் நின்றால் மறுபடி எழும்பாது என்பதால், சரிவு வளைவிலும் எக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் இறக்கினேன். ஒருபக்கக் கண்ணாடி மலையில் உரசி மடங்கியது. பக்கத்துக் காம்பராக்காரி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள், நடுநடுவே என்னையும் திட்டிக்கொண்டே வந்தாள்.

லுணுகலை ஆஸ்பத்திரியில் ஊசியும் ஒட்சிசனும் கொடுத்து, அவர்கள் ஆம்புலன்சிலேயே பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஏற்றும்போது ஒரு நர்ஸ் நோனா, தெரிந்த தமிழில் என்னிடம் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் லேட்டானா, சரி இல்ல." ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது சுரண்டிய நேரத்துக்கும் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துக்கும் சொன்ன தீர்ப்பு மாதிரிக் கேட்டது.

அவள் பிழைத்துவிட்டாள். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். அதை வைத்து யாரையும் காக்கவைக்க எனக்கு மனசில்லை.

பதுளையில் பார்க்கவிடும் நேரத்துக்கெல்லாம் போனேன். முதலில் அவளால் பேச முடியவில்லை. வீக்கம் வடிந்து கண் திறந்தது. நர்ஸ்மாரிடம் பேசினாள், பக்கத்துக் கட்டில்காரியிடம் தோட்டத்துக் கதை சொன்னாள். நான் போய் நின்றால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். வலி என்று நினைத்தேன். தொண்டை நோகுது போல என்று நினைத்தேன். பயந்தவன் எல்லாவற்றையும் நினைப்பான். அந்த ஒன்றை மட்டும் நான் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான் இருந்தாள். கேட்டதற்கு ஒரு சொல், அவ்வளவுதான். இதற்குள் கரண்டு வந்துவிட்டது. ரோட்டையும் அகலமாக வெட்டிவிட்டார்கள். ஒருநாள் பகலில் அவள் அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கொட்டிய இடங்கள் இன்னும் கறுப்புப் புள்ளியாக இருந்தன. நான் மருந்து நேரத்தை ஞாபகப்படுத்தினேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு எனக்கு எல்லாம் கேட்டுச்சு" என்றாள்.

"எது?"

"கண்ணு தெரியல. காது கேட்டுச்சு. அவுங்க எதையோ மாட்டப் போறாங்க. நீங்க 'எடு, வேன் செத்துரும்'னு கத்துனீங்க." "நான் சாகக் கெடக்கேன். ஒங்களுக்கு வேன் செத்துரும்."

மளமளவென்று பேச ஆரம்பித்தேன். களத்தில் வராத வாய் இப்போது வந்துவிட்டது. லொறியில் இரண்டு பெட்டரி, வேனுக்குப் பன்னிரண்டுதான் தாங்கும், அவன் மாட்டியிருந்தால் வேனும் போயிருக்கும், உன்னையும் கொண்டுபோயிருக்க முடியாது, பண்டாரவளைக் கடைக்கு முன்னால் ஒரு வேன் நின்றதே, ஒருதரம் சொல்லியிருக்கிறேனே என்று எல்லாவற்றையும் சொன்னேன். தரையில் கரிக்கட்டையால் இரண்டு பெட்டியை வரைந்துகூடக் காட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். படத்தையும் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கும்" என்றாள். "நீங்க பெட்டரி விசயத்துல தப்புப் பண்ண மாட்டீங்க. அது எனக்குத் தெரியாதா? லொறிக்காரரும் வந்து சொல்லிட்டுப் போனாரு, ஒம் புருசன் தடுத்திருக்காட்டி அன்னைக்கு எல்லாம் முடிஞ்சிதுன்னு."

"அப்புறம் என்னா?"

"நான் செத்திருந்தா?"

"ஏன் இப்ப அதப் பேசுற?"

"இல்ல, கேக்குறேன். மூச்சு நின்னு நின்னு வந்துச்சுல்ல. அதுல ஒரு தரம் வராமப் போயிருந்தா? அந்த நெனப்போடதானே நான் போயிருப்பேன். இம்புட்டு வருசம் குடும்பம் நடத்தி, கடேசில இந்த மனுசனுக்கு நம்மள விட வண்டிதான் பெருசுன்னு. இந்தப் படத்தையெல்லாம் நீங்க யாருக்கு வரைஞ்சு காட்டுவீங்க?"

வண்டியும் எரியவில்லை, அவளும் பிழைத்தாள், நான் பிடித்த முனையும் சரி. ஆனால் அந்தப் பின் சீட்டில், கண் தெரியாத இருட்டில் அவள் தனியாகக் கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நான் எதைக் கொண்டு போய்ச் சரி பண்ணுவது? அது நடந்து முடிந்துவிட்டது. அவள் அதை அனுபவித்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை" என்றாள் கடைசியாக. அழவில்லை. வரைந்த படத்தைக் காலால் மெதுவாக அழித்தாள், கரி சேலையில் ஒட்டும் என்று. "'இந்தா புள்ள, ஒன்னயக் கொண்டு போகத்தான் பாக்குறேன்'னு ஒரு வார்த்தை. எத்தன வோல்ட்டு வேணும் அதுக்கு?"

கோப்பையை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போய்விட்டாள்.

பிறகு அவள் இதைப் பற்றிப் பேசியதில்லை. கொழுந்துக்கும் போக ஆரம்பித்தாள். மற்றப்படி எல்லாம் முன்மாதிரிதான். முன்மாதிரி சிரிப்பதற்கு மட்டும் ரொம்ப நாள் எடுத்தது. என்னுடைய பயமும் குறையவில்லை. காலையில் மீட்டர் பார்க்கிறேன். இறக்கத்தில் நிறுத்துகிறேன். ஆனால் ஒன்றை வலிந்து பழகிக்கொண்டேன். வேனில் ஆள் இருக்கும்போது எதைச் செய்தாலும், என்ன செய்கிறேன், எதற்காகச் செய்கிறேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்கிறேன். முதலில் வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்வேன்.

போன தைக்குப் பிறகு, பதுளையில் ஒரு கல்யாணத்துக்கு லயத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்திவிட்டு, திரும்ப ஏறிச் சாவியைத் திருப்பினால் பிடிக்கவில்லை. இறங்கி மூடியைத் திறந்தேன். "கழித்தல் முனையில உப்புப் பூத்திருக்கு, அதுதான் கரண்டு ஏறல. சொரண்டப் போறேன். கொஞ்ச நேரம் பிடிக்கும். பயப்பட ஒண்ணும் இல்ல" என்று உள்ளே கேட்கும்படி சொன்னேன்.

பின் சீட்டிலிருந்து ஒரு கிழவர் சிரித்தார். "என்னப்பா, ரேடியோவுல மெட்ச் சொல்றவன் மாதிரி? யாருக்கு இதெல்லாம் சொல்ற?"

முன் சீட்டில் கல்யாணச் சேலையில் உட்கார்ந்திருந்த என் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்குத்தான்" என்றாள்.

நான் முனையைச் சுரண்டி, வயரைத் திரும்ப மாட்டி, நட்டை முறுக்கினேன். "இறுக்கியாச்சு. இப்ப சாவி போடப் போறேன்" என்றேன்.